கற்பூரத்துக்கு நிற்காதவள்

போன வாரம் சமையலறையில் ஒரு கப்பு 'டிங்' என்றது. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பீங்கான் கப்பு. அதன் குளிர்ச்சியைக் கவனிக்காமல் கொதிக்கக் கொதிக்க டீயை ஊற்றிவிட்டேன். ஒரே ஒரு டிங். விளிம்பிலிருந்து அடிவரை மயிரிழை போல ஒரு கோடு. டீயை அப்படியே கொட்டிவிட்டு, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நின்றேன். திட்ட ஆள் கிடைக்காத கோபம் பழைய கோபங்களைத் தேடிக்கொண்டு போகிறது. என்னுடையது நேராக அக்காவின் சூளைக்குப் போய் நின்றது.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை அந்தச் சூளை முழுக்க இதே சத்தம். டிங், டிங், டிடிங். கோயில் தேருக்கு முன்னால் பிள்ளைகள் சலங்கை கட்டி ஓடுவதுபோல. கேட்க அவ்வளவு அழகு. உள்ளே அத்தனையும் விரிசல் விட்டுக்கொண்டிருந்தது.

அக்காவின் கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். விருத்தாசலத்தில் ஒரு ஷெட்டும் ஒரு சூளையும் இருந்தால் அது கம்பெனி. அச்சில் மண்கூழ் ஊற்ற இரண்டு ஆண்கள், தீ பார்க்க ஒரு பெரியவர், பொம்மைக்கு வர்ணம் தீட்ட ஒருத்தி. கொலு சீசன் வந்தால் கூடமாட நான். சாமான்களை அடுக்கியதும் சூளையின் வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, சந்துகளில் களிமண் பூசிவிடுவோம். தீயை நிறுத்தின பிறகும் அது தானாகத்தான் ஆற வேண்டும். அவசரப்பட்டு ஒரு செங்கல்லை உருவினால் போதும், வெளிக்காற்று உள்ளே புகுந்து மொத்த லோடையும் கீறிப்போடும். அதனால் ஆறுகிற சூளையின் பக்கம் யாரும் போவதில்லை. பிரசவித்தவள் படுத்திருக்கும் அறையைக் கடப்பதுபோல ஒதுங்கி நடப்போம்.

அன்று வாசலின் மேல்மூலைச் செங்கல் தரையில் கிடந்தது. பூசின மண் பொக்கென்று பெயர்ந்திருந்தது. திறந்து பார்த்தபோது கழுத்தில் கோடு விழுந்த முருகன்கள், இடுப்பில் வெடித்த கிருஷ்ணன்கள், வயிறு இரண்டாகப் பிளந்த பிள்ளையார்கள். கொலுவுக்கென்று செய்த லோடு. அக்கா தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அடித்துக்கொண்டிருந்தால் தேவலை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"எவன் எட்டிப் பார்த்தது?"

எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. ஷெட்டின் சாவி வர்ணம் தீட்டுகிறவளிடம்தான் இருந்தது. காலையில் முதலில் வந்து திறக்கிறவள் அவள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பதைத் தாண்டியவள். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் அம்மாவோடு குடியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு ஜெபக்கூட்டத்துக்குப் போவாள்; திங்கட்கிழமை வந்து முருகனுக்குக் கண் எழுதுவாள். அதில் அவளுக்கு ஒரு சங்கடமும் கிடையாது. "மண்ணுதானேக்கா, கண்ணு கோணாம வந்தாப் போதும்" என்பாள். அவள் எழுதின கண்கள் கோணியதில்லை. எனக்கு அவளைப் பிடிக்கும். அவளுடைய ஜெபக்கூட்டம் பிடிக்காது. அக்காவை எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் உண்டு; அக்காவின் கோயில் பிடிக்காது.

அக்கா தட்டில் கற்பூரம் ஏற்றினாள். சூளையின் நெற்றியில் அம்மன் படம் மாட்டியிருக்கும். அதன் முன்னால் எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, "நான் இல்லை" என்று சொல்ல வேண்டும். பொய்யாக அணைத்தால் கை விளங்காது, வம்சம் விளங்காது. எங்கள் பக்கத்தில் பல வழக்குகள் போலீசுக்குப் போகாமல் இந்தத் தட்டிலேயே முடிந்துவிடும்.

கூழ் ஊற்றுகிற இருவரும் அணைத்தார்கள். தீ பார்க்கிற பெரியவர் கண்ணில் நீர் கோக்க அணைத்தார். நானும் அணைத்தேன், கேஸ் அடுப்பைத் திருகி அணைப்பதுபோல. எனக்கு அதில் ஒன்றும் போகவில்லை, ஒன்றும் வரவில்லை.

அவள் முறை வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் தொறக்கலீங்க மொதலாளியம்மா."

"அதைத்தான் கற்பூரத்துல சொல்லுன்றேன்."

"தொறக்கலன்னா தொறக்கலதாங்க. அதுக்கு மேல சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"முருகனுக்குக் கண்ணு எழுதுற கை, கற்பூரத்துக்கு மட்டும் நீளாதா?"

"அது வேலைங்க. இது சத்தியம். நாங்க சத்தியம் பண்ணக்கூடாது."

"குத்தம் இல்லாதவளுக்கு என்னாடி பயம்?"

"பயம் இல்லீங்க. கூடாது. அவ்வளவுதான்."

கற்பூரம் யாரும் அணைக்காமல் தானாக எரிந்து முடிந்தது. தட்டில் கரி மட்டும் ஒட்டிக்கொண்டது. அந்தக் கரியைப் பார்த்ததும் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள் என்பதை அவர்கள் மூச்சிலேயே தெரிந்துகொண்டேன். இதுதான் எங்கள் ஊர் செய்யும் தப்பு. வாயால் சொன்னது வெறும் பேச்சு, நெருப்பில் சொன்னதுதான் சாட்சி. நெருப்புக்கு வராதவள் குற்றவாளி. வராததற்கு வேறொரு காரணம் ஒருத்திக்கு இருக்கலாம் என்பது அந்தத் தட்டின் கணக்கில் இல்லை.

நான் அவளைத் தண்ணீர்க் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"பைத்தியமாடி நீ? வெறும் கற்பூரம். கடையில விக்கிறது. கையால ஒரு தட்டு தட்டிட்டுப் போயேன்."

"உங்களுக்கு வெறும் கற்பூரங்க."

"சரி, உன் வேதப் புஸ்தகத்துல கை வெச்சுச் சொல்லு. அக்காவை நான் ஒத்துக்க வெக்கிறேன்."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அந்தப் புஸ்தகத்துலதாங்க சத்தியமே பண்ணாதேன்னு போட்டிருக்குது. அதும்மேலயே கைய வெச்சு எப்படிங்க பண்றது?"

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. எழுதிவைத்த ஒரு வரிக்காக ஒருத்தி தன் சோற்றைத் தொலைப்பாளா? அந்த வரிக்குப் பசிக்குமா, வாடகை கேட்டு யாராவது வருவார்களா? கோபத்தில் அவளைத் தோளைப் பிடித்து உலுக்கினேன். "பேருக்கு ஒரு தரம் பண்ணித் தொலை. உள்ளுக்குள்ள வேற நெனச்சுக்கோ. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுங்க" என்றாள்.

அக்காவிடம் போய், அவளுக்காக நான் அணைக்கிறேன் என்றேன். அவள் செய்திருக்க மாட்டாள், எனக்குத் தெரியும், என் கை பொசுங்கட்டும் என்றேன். அக்கா சிரித்தாள். அந்தக் காலை முழுவதிலும் அவள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

"நீ சாமி இல்லேன்றவ. நீ அணைக்கிறதும் ஒண்ணு, காத்து அணைக்கிறதும் ஒண்ணு."

நம்புகிற ஒருத்தி நெருப்பைக் கேட்கிறாள். நம்புகிற இன்னொருத்தி நெருப்பைத் தொட மறுக்கிறாள். எதையும் நம்பாத நான் யாருக்காகவும் எத்தனை தடவையும் அணைக்கத் தயாராக இருக்கிறேன். அதனாலேயே என் கைக்கு அங்கே மதிப்பில்லை. அக்கா சாவியை வாங்கிக்கொண்டு அவளை அனுப்பிவிட்டாள்.

அதோடு விட்டாளா? மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் பிராது கட்டக் கிளம்பினாள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பதுபோலச் சாமிக்கும் வெள்ளைத்தாளில் குறையை எழுதிக் கொடுக்கலாம் அங்கே. எழுதினதைச் சன்னதியில் வைத்து எடுத்து, முனியப்பருக்கு முன்னாலிருக்கும் வேலில் கட்டிவிட்டு வருவார்கள். திட்டக்குடியிலிருந்து வரப்புத் தகராறு வரும், பெண்ணாடத்திலிருந்து ஓடிப்போன மருமகன் வருவான். காற்றில் படபடக்கும் தாள்களைப் பார்த்தால், ஒரு மாவட்டத்தின் ஆத்திரம் மொத்தத்தையும் துவைத்துக் காயப்போட்டதுபோல இருக்கும்.

அக்கா ஸ்கூட்டர் ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து அவள் முதுகோடு சண்டை போட்டேன்.

"சாமி இல்லேன்னா நீ என்னாக்கா பண்ணுவ? திருடுவியா?"

"நான் எதுக்குடி திருடப்போறேன்?"

"அப்போ திருடாம இருக்கிறது நீதானே? சாமியா?"

"வாய மூடிக்கிட்டு வா. லாரி வருது."

லாரி போனது. கரும்புச் சக்கை வாசம் முகத்தில் அடித்தது. அக்கா திரும்பாமலே பேசினாள்.

"மனசாட்சி மனசாட்சின்றியே, அது உன் பாக்கெட்டுல இருக்குற சாமி. நீ என்னா சொன்னாலும் தலையாட்டும். என் சாமி அப்படி இல்ல. தப்பாப் பிராது கட்டினா, கட்டினவளையே கேக்கும். தெரிஞ்சுதான் போறேன்."

"உன் சாமிக்கு ஒரு பொம்பளையோட பொழப்பைக் கெடுக்கிறதுதான் வேலையா?"

"கெடுத்தது அவ. என் லோடை."

கோயிலில் அவள் எழுதும்போது நான் வெளியே நின்றேன். எனக்கு அந்த விபூதி வாசம்கூடப் பகையாக இருந்தது.

பேச்சு ஷெட்டு ஷெட்டாகப் பரவியது. சத்தியத்துக்குப் பயந்தவள் என்று ஒரு பெயர். நான் அவளைக் கூட்டிக்கொண்டு இன்னொரு கம்பெனிக்குப் போனேன். அகல் விளக்கு செய்கிற இடம். அதன் முதலாளி நல்ல மனுஷன் என்று கேள்விப்பட்டிருந்தேன். நல்ல மனுஷன்தான், உட்கார வைத்து டீ வரவழைத்துக் கொடுத்த பிறகு சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கற்பூரத்துக்கு நிக்காதவங்க கையில சாவிய எப்படிக் குடுத்து வெக்கிறது?"

"சாவி வேணாங்க, வேலை குடுங்க" என்றாள் அவள்.

"வேலை செய்யற எடமும் சூளைதானேம்மா."

வெளியே வந்ததும் நான் கத்தினேன். அவரிடம் கத்த வேண்டியதை அவளிடம் கத்தினேன். பார்த்தாயா, உன் வேதம் வந்து உனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததா, கட்டளை போட்டவர் அந்த முதலாளியிடமாவது ஒரு வார்த்தை சொன்னாரா என்றெல்லாம். அவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டாள்.

"நீங்க கத்தறதும் மொதலாளியம்மா கத்தறதும் ஒரே மாதிரி இருக்குதுக்கா" என்றாள்.

பிறகு அடுத்த லோடு வந்தது. உடைந்ததை ஈடுகட்ட ஆட்கள் ராவும் பகலும் அச்சு ஊற்றியிருந்தார்கள். கண்களை நானே எழுதினேன். பாதி முருகன்கள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, யாரையும் சூளைப் பக்கம் விடவில்லை. ஆறுகிற நாளின் காலையில் நாங்கள் எல்லோரும் ஷெட்டுக்குள்தான் நின்றிருந்தோம். எல்லோரும் பார்க்கப் பார்க்க, வாசலின் மேல்மூலையில் மண் உதிர்ந்தது. செங்கல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தது, யாரோ உள்ளேயிருந்து தள்ளுவதுபோல. தொப்பென்று விழுந்தது. சற்று நேரம் கழித்து அந்தப் பாட்டு தொடங்கியது. டிங். டிடிங்.

தீ பார்க்கிற பெரியவர் ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். வாசலைச் சுற்றியிருந்த இரும்புச் சட்டம் சூட்டில் வளைந்து கிடந்தது. சூளை சுருங்கி ஆறும்போது சட்டம் செங்கல்லை வெளியே நெட்டியிருக்கிறது. போன தடவையும் அதுதான். யாரும் எட்டிப் பார்க்கவில்லை, யாரும் தொடவில்லை.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கொளஞ்சியப்பா, காட்டிக் குடுத்துட்டியே!"

"எதைக் காட்டினாரு? இரும்பு வளைஞ்சிருக்குது" என்றேன்.

"அதைத்தான்டி காட்டினாரு."

"போன லோடுலயே காட்டியிருந்தா ஒரு லோடு பொம்மையாச்சும் மிச்சமாயிருக்கும்."

ஏணியில் நின்றிருந்த பெரியவர் சிரித்துவிட்டார். அக்கா அவரை ஒரு முறை முறைத்தாள், அவர் ஏணியிலேயே இருமத் தொடங்கினார். எனக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. தப்பு நிரூபணமானதும் அதையும் சாமியின் கணக்கில் வரவு வைத்துவிட்டாள். தோற்கவே தோற்காத சாமி. இப்படி ஒரு சாமியோடு எப்படி வாதாடுவது?

ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும், எனக்குப் பிடிக்காவிட்டாலும். உடைந்த லோடைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், செருப்புக்கூட மாட்டாமல், அக்கா ஸ்கூட்டரைக் கிளப்பினாள். "ஏறுடி. அவ வூட்டுக்குப் போவணும்." குற்றமில்லாதவள்மேல் பிராது கட்டியிருக்கிறாள், அது கட்டினவளையே கேட்கும் என்று அவள் நம்பினாள். பயம்தான். ஆனால் அந்தப் பயம் அவளை வெறுங்காலோடு ஒரு வேலைக்காரியின் வாசலுக்கு ஓட்டியது. இத்தனை நாளும் என் மனசாட்சி என்னை எங்கே ஓட்டியது? அக்காவிடம் கத்த, அவளிடம் கத்த, டீ குடிக்க. இதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு யார்மேலாவது விழுந்து பிடுங்கத் தோன்றுகிறது.

வீடு பூட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

சேத்தியாத்தோப்பு பஸ் நிற்கும் இடத்தில் இருந்தாள். இரண்டு பை, சாக்கில் கட்டிய பாத்திரம். அம்மாவை முன்னாடியே தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டாளாம். அங்கே ஒரு துணிக்கடையில் வேலை சொல்லியிருக்கிறார்கள்.

அத்தனை பேர் பார்க்க அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சட்டம் வளைஞ்சிருக்குதுடி. நீ இல்லடி. என்னை மன்னிச்சுடு."

"அன்னிக்கே மன்னிச்சுட்டேங்க."

"அப்போ ஒரு நடை கோயிலுக்கு வா. நீ வந்து சாமி முன்னாடி ஒரு வார்த்தை சொன்னா, பிராதை அவுத்துடுவேன். வண்டியிலயே கொண்டாந்து வுடறேன்."

"இங்க சொன்னது அங்க கேக்காதாங்க?"

கடலை விற்கிறவர் இரண்டு தரம் எங்களைச் சுற்றி வந்தார்.

"வேலைக்காச்சும் வாடி. சாவிய நீயே வெச்சுக்கோ."

"வேணாங்க. இன்னொரு நாளைக்கு ஏதாச்சும் ஒடையும். மறுபடியும் தட்டு வரும். நான் மறுபடியும் கையக் கட்டிக்கிட்டு நிக்கணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் உன் பக்கம்தானே நின்னேன்? எனக்காகவாச்சும் வா" என்றேன்.

அவள் முதல்முறையாக என்மேல் கோபத்தைக் காட்டினாள். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க எம்பக்கம் நிக்கலீங்க. மொதலாளியம்மாவுக்குக் கற்பூரம் நெசம். அதனால அணைக்கச் சொன்னாங்க. அது புரியுது. உங்களுக்கு அது பொய்யி. பொய்யின்னு தெரிஞ்சே என்னை அணைக்கச் சொன்னீங்க. உள்ளுக்குள்ள வேற நெனச்சுக்கோன்னீங்க. அவுங்க என்னை வெளியே தள்ளினாங்க. நீங்க உள்ளேயிருந்தே தள்ளப் பாத்தீங்க."

"உன் நல்லதுக்குத்தான்டி சொன்னேன்."

"தெரியுங்க. அதான் இன்னும் ஆறல."

நியாயம் என்று அங்கேயே ஒத்துக்கொண்டிருக்கலாம். ஒத்துக்கொள்ளவில்லை. சோறு பெரிதா சொல் பெரிதா என்று கேட்டால், இன்றைக்கும் சோறு என்றுதான் சொல்வேன். ஆனால் சொல்கிறபோது என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்கிறது. எனக்குக் கட்டளை போட ஆளில்லை என்பதைப் பெருமையாக நினைத்து வளர்ந்தவள் நான். யாரும் கட்டளை போடாமல் நான் செய்ய மறுத்தது என்று எதைக் காட்டுவேன்? அக்காவுக்கு ஒன்று உண்டு, இவளுக்கு ஒன்று உண்டு. பஸ் ஸ்டாண்டின் வெயிலில் நின்று தேடினேன். டீசல் புகைதான் வந்தது.

பஸ் வந்தது. கண்டக்டர் "சேத்தியாத்தோப்பு, சேத்தியாத்தோப்பு, ஏறு ஏறு" என்று தகரத்தைத் தட்டினார். நான் சாக்கைத் தூக்கிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள், நன்றி சொல்லவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸோடு ஓரடி நகர்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு கலவரத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"கோயிலுக்குத்தான் வரல. போயிட்டு வரேன்னாச்சும் ஒரு வார்த்தை நல்லபடியா சொல்லிட்டுப் போடி."

அவள் அக்காவின் விரல்களைக் கம்பியிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டாள்.

"வரமாட்டேனே மொதலாளியம்மா. போறேன்."